ஒரே ஆலை, நாலு கட்டிடம்: வைஃபையைக் கொண்டுபோவது எப்படி?

அரூர் பக்கம் ஒரு சேகோ ஆலையை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரே கட்டிடமாக இருக்காது. வாசலில் எடைமேடை, அதை ஒட்டி ஆபீஸ். கொஞ்சம் தள்ளி எந்திரக் கூடம். அதற்கும் கிடங்குக்கும் நடுவே ஜவ்வரிசி காயப்போடும் களம். ஒரு மூலையில் ஜெனரேட்டர் கொட்டகை, பின்னால் ஆட்கள் தங்கும் குடியிருப்பு. அரிசி ஆலையும் கிரானைட் பட்டறையும் ஏறக்குறைய இப்படித்தான். இணைய இணைப்பு மட்டும் ஆபீஸ் மேசையோடு நின்றுவிடுகிறது. கிடங்கில் மூட்டைக் கணக்கு எழுதுபவர் சிக்னல் தேடிக் களத்துக்கு வந்து நிற்கிறார்.

அப்படி ஒரு ஆலையை நடத்துபவருக்கும், அங்கே மேனேஜராகவோ கணக்கராகவோ எலக்ட்ரீஷியனாகவோ வேலை பார்ப்பவருக்கும் இந்தக் கட்டுரை. கம்ப்யூட்டர் படித்திருக்கத் தேவையில்லை. ஆள் வைத்துத்தான் வேலையைச் செய்யப்போகிறீர்கள் என்றாலும், அவரிடம் என்ன கேட்க வேண்டும், எதற்குத் தலையாட்டக் கூடாது என்று தெரிந்திருந்தால் பணம் வீணாகாது.

முதலில் எல்லோருக்கும் வரும் சந்தேகம்: ஆபீஸில் இருக்கும் ரூட்டரை (இணையத்தைப் பல கருவிகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) எடுத்துவிட்டு, நாலு ஆன்டெனா உள்ள பெரிய ரூட்டராக வைத்தால் கிடங்கு வரைக்கும் எட்டாதா?

எட்டாது. வைஃபை இருவழிப் பேச்சு. களத்தின் இந்தப் பக்கம் நிற்பவர் ஒலிபெருக்கியில் கூப்பிட்டால் அந்தப் பக்கம் நிற்பவருக்குக் கேட்கும். அவர் வாயால் சொல்லும் பதில் இங்கே வந்து சேராது. ரூட்டர் எவ்வளவு வலுவாக அனுப்பினாலும், உங்கள் சட்டைப்பையில் இருக்கும் செல்போனின் வலு மிகச் சிறியது. போனில் மூன்று கோடு சிக்னல் தெரியும், ஆனால் ஒரு போட்டோ கூடப் போகாது என்கிற நிலைமை இதனால்தான் வருகிறது.

இதோடு தகரம் சேர்ந்துகொள்கிறது. நம் ஆலைகளின் கூரையும் பக்கச் சுவரும் பெரும்பாலும் தகர ஷீட். வானலை உலோகத்தை ஊடுருவாது, பட்டுத் திரும்பிவிடும். செங்கல் சுவரில் பாதி கரைந்து மீதியாவது உள்ளே போகும். தகரத்தில் கதவு, ஜன்னல், ஷீட்டுக்கு நடுவே உள்ள இடைவெளி வழியாகக் கசிவதுதான் மிச்சம்.

ஆகவே இந்த வேலையை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொரு கட்டிடத்துக்கு இணைப்பைக் கொண்டுசேர்ப்பது ஒரு வேலை. கொண்டுசேர்த்த இணைப்பை அந்தக் கட்டிடத்துக்குள் இருக்கும் போனுக்கும் கேமராவுக்கும் கொடுப்பது வேறொரு வேலை. இரண்டுக்கும் கருவி வேறு, வைக்கும் இடம் வேறு, பழுதானால் தேடும் முறையும் வேறு. ஒரே பெட்டியால் இரண்டையும் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அங்கேயே பேச்சை நிறுத்திக்கொள்ளலாம்.

கருவி வாங்குவதற்கு முன் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்தக் கட்டிடத்தில் என்ன வேலைக்கு இணைப்பு வேண்டும்? எடைமேடைக் கணக்கு, கைரேகை வருகைப்பதிவு, டேலி, வாட்ஸ்அப் இவையெல்லாம் சேர்ந்தாலும் பாரம் மிகக் கொஞ்சம். பாரத்தை ஏற்றுவது கண்காணிப்புக் கேமராதான். தெளிவான படம் தரும் ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது என்று வைத்துக்கொண்டால், 24 மணி நேரத்துக்கு அது சுமார் 43 ஜிபி. எட்டு கேமரா என்றால் நொடிக்கு 32 மெகாபிட் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கும்.

இது என் இணைய டேட்டாவைத் தின்றுவிடுமா என்று கேட்பீர்கள். தின்னாது. கிடங்குக் கேமராவின் படம் ஆபீஸில் உள்ள பதிவுப் பெட்டிக்குப் போவது உங்கள் வளாகத்துக்குள்ளேயே நடக்கும் போக்குவரத்து. இணையமே அறுந்துபோனாலும் அது நடக்கும். வீட்டிலிருந்து நீங்கள் போனில் பார்க்கும்போது மட்டும்தான் வெளி இணைப்பு செலவாகும். இன்னொரு வழியும் உண்டு. கேமராக்கள் அதிகமாக உள்ள கட்டிடத்திலேயே பதிவுப் பெட்டியைப் பூட்டி வைத்துவிட்டால், கட்டிடங்களுக்கு இடையிலான பாதை இலகுவாகிவிடும்.

சரி, கட்டிடத்துக்குக் கட்டிடம் எதனால் இணைப்பது? மூன்று வழி: செம்புக் கம்பி, கண்ணாடி இழை, வானலை.

செம்புக் கம்பி என்பது கடைகளில் கேட் சிக்ஸ் என்று கேட்டு வாங்கும் நெட்வொர்க் ஒயர். இதற்கு ஓர் எல்லை உண்டு: ஒரே ஓட்டத்தில் 100 மீட்டர். ஆனால் தூரம் 60 மீட்டர்தான் என்றாலும், தனித்தனிக் கட்டிடங்களுக்கு நடுவே இதை இழுக்காதீர்கள் என்பதே என் யோசனை. ஒவ்வொரு கட்டிடத்துக்கும் எர்த் தனி. இரண்டு எர்த்துக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாடு இருந்தால் அது இந்த ஒயர் வழியாகச் சமனாகப் பார்க்கும். பக்கத்தில் எங்காவது இடி விழுந்தால், வெட்டவெளியில் ஓடும் அந்த ஒயரில் எழும் மின்னழுத்தம் இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகளைச் சேர்த்துக் கருக்கிவிடும்.

கண்ணாடி இழை (ஒளியாகத் தகவல் அனுப்பும் மெல்லிய கேபிள், வீட்டு ஃபைபர் இணைப்பில் வருவது) இதற்கு நேர் எதிர். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. எர்த் வேறுபாடு, இடி, மோட்டார் ஓடும்போது வரும் மின் இரைச்சல் எதுவும் அதைத் தொடாது. ஒன்றிரண்டு கிலோமீட்டர் அதற்கு ஒரு தூரமே இல்லை. உங்கள் சொந்த வளாகத்துக்குள் மண் தோண்ட முடியும் என்றால், இதுவே நிரந்தரமான வழி. வாங்கும்போது உள்ளே இரும்புக் கம்பியோ உலோகக் கவசமோ இல்லாத வகையாகக் கேளுங்கள். கவசம் உலோகமாக இருந்தால் மின்சாரம் ஓடாது என்கிற நன்மையே போய்விடும். கோபாலபுரத்தில் இருக்கும் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை போலப் பரந்த வளாகம் என்றால், முக்கியக் கட்டிடங்களை இழையால் கோத்துவிட்டு, எட்டாத மூலைகளுக்கு மட்டும் வானலையை வைத்துக்கொள்வது நல்லது.

இழையைக் குழாய்க்குள் விட்டுத்தான் புதைக்க வேண்டும். லாரி போகும் தடத்தில் இன்னும் ஆழமாக, மேலே கான்கிரீட் போட்டு. குழி தோண்டும்போதே காலிக் குழாய் ஒன்றைக் கூடுதலாகப் போட்டுவிடுங்கள். செலவில் பெரும்பகுதி தோண்டுவதுதான். குழாய்க்கு ஆகும் பணம் சொற்பம். எந்த இடத்தில் புதைத்தீர்கள் என்று படம் வரைந்து ஆபீஸில் மாட்டுங்கள். அடுத்த வருஷம் தண்ணீர்க் குழாய் போட வரும் ஜேசிபி ஓட்டுநருக்கு உங்கள் இழை எங்கே போகிறது என்று தெரியாது.

தோண்ட முடியாத இடங்கள் நிறைய இருக்கும். களம் முழுக்க சிமெண்ட் போட்டிருப்பீர்கள்; உடைத்தால் ஒட்டுப்போட்ட இடத்தில் மாவு தங்கும். அல்லது கிடங்கு தார்ச்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும். அங்கேதான் வானலை.

இதற்கு வரும் கருவியின் பெயர் பிரிட்ஜ் (இரண்டு கட்டிடங்களின் மேல் எதிரெதிரே பார்த்தபடி வைக்கும் வானலைக் கருவி ஜோடி). வெள்ளை நிறத்தில், உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிய பிளாஸ்டிக் பெட்டியாக இருக்கும். தூரம் அதிகமானால் சின்ன தட்டு வடிவில் இருக்கும். சாதாரண ரூட்டர் நாலு பக்கமும் இறைப்பதை இது ஒரே திசையில் குவித்து அனுப்பும். சில நூறு மீட்டருக்கு உரிய சாதாரண ஜோடி பத்தாயிரம் ரூபாய்க்கு முன்பின்னாகக் கிடைக்கிறது. எட்டு கேமராவின் பாரத்தை அது தாராளமாகத் தாங்கும்.

ஒரு நிபந்தனை மட்டும் கண்டிப்பானது. ஒரு கருவி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் மற்றொன்று கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் மட்டும் போதுமா? போதாது, இரண்டையும் இணைக்கும் நேர்கோட்டைச் சுற்றிக் கொஞ்சம் காலி இடமும் வேண்டும்.

வானலை நூல் பிடித்தது போல் நேர்கோட்டில் போவதில்லை. நடுவில் பருத்து, இரு முனையிலும் ஒடுங்கிய ஒரு வெளியில் பரவிப் போகிறது. இதற்கு ஃப்ரெனெல் மண்டலம் (இரு ஆன்டெனாக்களுக்கு நடுவே அலைக்குத் தேவைப்படும் காலி வெளி) என்று பெயர். 300 மீட்டர் தூரத்துக்கு, 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையில், நடுப்பகுதியில் இதன் ஆரம் ஏறக்குறைய 2 மீட்டர். அதில் 60 சதவீதமாவது, அதாவது நேர்கோட்டிலிருந்து எல்லாப் பக்கமும் 1.2 மீட்டர், தடையில்லாமல் இருக்க வேண்டும்.

இதை உங்கள் வாசலில் பொருத்திப் பாருங்கள். கோடு எடைமேடைக்கு மேலாகப் போகிறது. அங்கே நிற்கும் லாரியின் உயரம் சுமார் 4 மீட்டர். அதன் மேல் 1.2 மீட்டர் சேர்த்தால் 5.2. ஆக, இரண்டு முனையிலும் கருவி 6 மீட்டர் உயரத்திலாவது இருக்க வேண்டும். ஆபீஸ் சுவரில் ஆள் உயரத்துக்கு மாட்டினால், மரவள்ளிக் கிழங்கு வரத்து இல்லாத நாளில் எல்லாம் சரியாக ஓடும். சீசனில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது மட்டும் அறுந்து அறுந்து வரும். வந்து பார்ப்பவருக்குக் காரணமே பிடிபடாது, ஏனென்றால் அவர் வரும் நேரத்தில் லாரி நகர்ந்திருக்கும்.

மரத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அரூர் பக்கம் ஆலை ஓரங்களில் புளியமரமும் வேப்பமரமும் தென்னையும் சாதாரணம். இலை என்பது பாதிக்கு மேல் தண்ணீர். தண்ணீர் இந்த அலையை உறிஞ்சும். வேம்பு இலை உதிர்ந்து நிற்கும்போது இணைப்பைப் பொருத்திவிட்டு, தழைத்த பிறகு வேகம் போய்விட்டது என்று கருவியைக் குறைசொல்வதில் பயனில்லை. இன்றைய கிளையைப் பார்க்காமல், மூன்று வருஷம் கழித்து அந்தக் கிளை எங்கே இருக்கும் என்று பார்த்து இடம் தேர்ந்தெடுங்கள். தென்னை இன்னும் மோசம். காற்றடிக்கும் போதெல்லாம் மட்டை குறுக்கே வந்து போகும்.

மழை பெய்தால் போய்விடுமா? டிடிஎச் டிவி மழையில் போவதைப் பார்த்துப் பழகியதால் வரும் கேள்வி இது. டிடிஎச் அலையின் அதிர்வெண் இதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. அது விண்ணிலிருந்து மழை மேகம் முழுவதையும் துளைத்து வர வேண்டும். சில நூறு மீட்டருக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலையை மழை ஒன்றும் செய்யாது. மழையில் உங்கள் பிரிட்ஜ் அறுந்தால் காரணம் வேறெங்கோ இருக்கிறது: இணைப்பு முனையில் தண்ணீர், நனைந்த இலை, காற்றில் திரும்பிவிட்ட, கருவி மாட்டிய கம்பம், அல்லது கரண்ட்.

தண்ணீர் உள்ளே போவது எப்படி என்று கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பழுது இங்கிருந்துதான் வருகிறது. பெட்டியின் அடியில் ஒரு சிறு மூடி இருக்கும். அதைத் திறந்து ஒயரைச் செருகி மறுபடி மூட வேண்டும். அவசரத்தில் மூடியைத் திறந்தபடி விட்டுவிடுவார்கள். பல்லிக்கும் எறும்புக்கும் அது நல்ல வீடு. ஒயர் மேலிருந்து நேராக இறங்கிப் பெட்டிக்குள் போனால், மழைநீர் ஒயரைப் பிடித்துக்கொண்டே உள்ளே வழியும். எனவே ஒயர் முதலில் பெட்டிக்குக் கீழே தொங்கி, வளைந்து, மேலேறி உள்ளே போக வேண்டும். தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். சுவரில் துளைபோட்டு உள்ளே கொண்டுபோகும் இடத்திலும் இதே வளைவு வேண்டும். துளை வெளிப்பக்கம் தாழ்வாகச் சரிந்திருக்க வேண்டும். ஒயரும் வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்ட வெளிப்புற வகையாக இருக்கட்டும். வீட்டுக்குள் போடும் சாம்பல் நிற ஒயர் நம் வெயிலில் ஒன்றிரண்டு வருஷத்திலேயே வெடித்துவிடும்.

கருவியைத் திருப்பிப் பொருத்தும்போது, அதனோடு இணைத்த போனின் திரையில் சிக்னல் வலுவைக் காட்டும் ஓர் எண் வரும். மைனஸ் 70, மைனஸ் 60 என்று. மைனஸ் என்பதால், அதன் பின்னால் வரும் எண் சிறியதாக ஆக சிக்னல் நல்லது. மைனஸ் 50 முதல் 60 வரை இருந்தால் நிம்மதி. மைனஸ் 75 என்றால் இணைப்பு வரும், நிலைக்காது. ஒருவர் ஒரு முனையில் கருவியை நூலளவு நூலளவாகத் திருப்ப, மற்றவர் போனில் எண்ணைப் படித்துச் சொல்ல வேண்டும். முதலில் இடவலம், அதன்பின் மேல்கீழ். நல்ல எண் கிடைத்ததும் நட்டை முறுக்கும்போதே கருவி கொஞ்சம் திரும்பிவிடும். முறுக்கிய பிறகு மறுபடி எண்ணைப் படியுங்கள். வேலை முடிந்த நாளின் எண்ணைப் பெட்டியின் மேல் பெயின்ட்டால் எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்து எண் மாறியிருந்தால் கம்பம் திரும்பியிருக்கிறது அல்லது கிளை வளர்ந்திருக்கிறது என்று யாரையும் கூப்பிடாமலே தெரிந்துகொள்வீர்கள்.

இதற்கெல்லாம் அரசு உரிமம் வாங்க வேண்டுமா? வேண்டாம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை, வீசும் வலு 4 வாட்டுக்கு மேல் போகாத வரை யாரும் உரிமமின்றிப் பயன்படுத்தலாம் என்று 2005 ஜனவரியில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் 2018 அக்டோபரில் வந்த விதி 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைக் கட்டிடத்துக்கு வெளியேயும் பயன்படுத்தத் திறந்துவிட்டது. இன்று நாம் தைரியமாகக் களத்துக்கு மேலே பிரிட்ஜ் போடுவது அந்த விதியின் பலன்.

உங்கள் பங்குக்குக் கவனிக்க வேண்டியவை சில. கருவியில் நாடு என்று கேட்கும் இடத்தில் இந்தியா என்றே கொடுக்க வேண்டும். வேறு நாட்டைக் கொடுத்தால் வலு கூடும் என்று சிலர் மாற்றி வைப்பார்கள். அது விதிமீறல், பக்கத்து இணைப்புகளையும் கெடுக்கும். சில அலைவரிசைகளில் ராடார் இருப்பது தெரிந்தால் கருவி தானாக விலகிக்கொள்ளும்படி அமைந்திருக்கும். அதை முடக்கச் சொல்லாதீர்கள். இந்திய அரசின் கருவி ஒப்புதல் பெற்றதா என்று கடையில் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்த, 60 கிகாஹெர்ட்ஸ் போன்ற வேறு அலைவரிசைக் கருவி மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்க வேண்டாம்.

சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் உங்கள் கிடங்குக்கு வானலை அனுப்பத் தடையில்லை. ஆனால் சாலையைத் தோண்டுவதற்கு அந்தச் சாலை யாருடையதோ அவர்களிடம், நெடுஞ்சாலைத் துறையிடமோ ஊராட்சியிடமோ, எழுத்தில் அனுமதி வேண்டும். மின்வாரியக் கம்பத்தில் ஒயரையோ கருவியையோ கட்டவே கூடாது. உயிர் போகும் விஷயம் அது. உங்கள் இணைப்பைப் பக்கத்து ஆலைக்குக் காசுக்குக் கொடுப்பதும் கூடாது. இணையச் சேவை விற்க அதற்கென்று உரிமம் இருக்கிறது.

இணைப்பு கிடங்கின் சுவர் வரைக்கும் வந்துவிட்டது. இனி உள்ளே.

உள்ளே வைப்பது ஆக்சஸ் பாயின்ட் (ஒயரில் வரும் இணைப்பை வைஃபையாக மாற்றித் தரும் பெட்டி). ஒரு கட்டிடத்துக்கு ஒன்று போதுமா என்பது உள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காலிக் கூடம் என்றால் ஒன்றே நீண்ட தூரம் போகும். மூட்டை அடுக்கிய கிடங்கு என்றால் போகாது. நெல்லும் மாவும் ஈரப்பதம் உள்ள பொருள். அட்டி அட்டியாக அடுக்கினால் அது ஒரு தடித்த சுவர். ஆகவே கிடங்கு காலியாக இருக்கும் மாதத்தில் சோதித்து முடிவு செய்யாதீர்கள். ஆட்கள் நடக்கும் சந்துக்கு நேர் மேலே, அட்டியின் உச்சியை விட உயரத்தில், சந்தின் நீளத்தைப் பார்த்தபடி வையுங்கள்.

கூரைத் தகரத்தை ஒட்டி மட்டும் மாட்ட வேண்டாம். சித்திரை, வைகாசியில் தகரத்தின் அடியில் அடிக்கும் அனலில் 40 டிகிரி வரைக்கும்தான் தாங்கும் என்று எழுதிய வீட்டு ரூட்டர் மதியத்துக்கு மதியம் நின்றுபோகும். 60 அல்லது 70 டிகிரி தாங்கும் என்று எழுதியிருப்பதை வாங்கி, தகரத்திலிருந்து ஒரு மீட்டராவது கீழே தொங்கவிடுங்கள். ஈரமும் தூசியும் உள்ள இடத்தில் ஐபி 65 (தூசியும் தெறிக்கும் நீரும் புகாதபடி அடைத்தது என்பதற்கான தர எண்) என்று எழுதியிருக்க வேண்டும்.

மாவு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. காற்றில் மிதக்கும் உலர்ந்த ஸ்டார்ச் மாவு தீப்பொறி பட்டால் வெடிக்கக்கூடியது. சலிக்கும் இடம், மூட்டை பிடிக்கும் இடம் போன்ற, மாவு புகையாகப் பறக்கும் அறைகளுக்குள் சாதாரண மின்கருவி எதையும் மாட்டாதீர்கள். அறைக்கு வெளியே வைத்துக் கதவு வழியாகச் சிக்னல் வரும்படி செய்யுங்கள். வைஃபைக்காக அங்கே ஒரு பிளக் பாயின்ட் கூடப் போட வேண்டாம்.

இரண்டு மூன்று ஆக்சஸ் பாயின்ட் வைத்தால், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுங்கள். ஆள் நடந்து போகப் போக போன் தானாகவே அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் சேனல் (அலைவரிசைக்குள் பிரித்த தடம்) மட்டும் வேறு வேறாக இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் இருப்பவை 1, 6, 11 என்ற மூன்றுதான். தானியங்கி என்று விட்டுவிட்டால் ஒவ்வொன்றும் நாளுக்கொரு தடத்துக்கு மாறி ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும்.

இதுவரை சொன்னது அத்தனையும் சரியாகச் செய்தும், ஒரு வருஷத்துக்குள் நின்றுபோகும் இணைப்புகள் உண்டு. காரணம் கரண்ட். இதை நான் மட்டும் சொல்லவில்லை.

2000களின் நடுவில் அரவிந்த் கண் மருத்துவமனை, அமெரிக்காவின் பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்றோடு சேர்ந்து, தேனி வட்டாரத்தில் தன் கிராமப்புறக் கண் பரிசோதனை மையங்களை வைஃபையால் இணைத்தது. நாம் இங்கே பேசுவது சில நூறு மீட்டர். அவர்கள் உயரமான கம்பங்களையும் குவித்து அனுப்பும் ஆன்டெனாக்களையும் வைத்துப் பல கிலோமீட்டர் அனுப்பினார்கள். கிராமத்து மையத்தில் உட்கார்ந்திருக்கும் நோயாளியை தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் பார்த்துப் பேசினார். அந்த வலையைப் பல வருஷம் நடத்திப் பார்த்த பிறகு, 2008இல் அந்தக் குழு எழுதியதில் முக்கியமான விஷயம், கருவிகள் பழுதானதற்குப் பெரிய காரணம் தரமில்லாத மின்சாரம் என்பது. திடீரென்று ஏறும் அழுத்தம், நெடுநேரம் தாழ்ந்தே இருக்கும் அழுத்தம், வந்து வந்து போகும் லைன்.

ஆலையில் இது வீட்டை விட அதிகம். பெரிய மோட்டார் கிளம்பும்போது அழுத்தம் ஒரு கணம் தாழ்கிறது. லைன் போய் ஜெனரேட்டர் எடுக்கும்போதும், மறுபடி லைனுக்கு மாற்றும்போதும் ஒரு வெட்டு. அந்த ஒரு நொடிக்கு பிரிட்ஜ் அணைந்தால், திரும்ப எழுந்து எதிர்முனையைத் தேடிப் பிடிக்க ஓரிரு நிமிஷம் ஆகும். ஒரு நாளைக்குப் பத்து முறை இப்படி என்றால், கிடங்குக்காரர் வைஃபையே வேண்டாம் என்று நோட்டுப் புத்தகத்துக்குத் திரும்பிவிடுவார்.

என்ன செய்யலாம்? இணைப்பின் ஒவ்வொரு முனைக்கும் சிறிய யுபிஎஸ் ஒன்று. இந்தக் கருவிகள் ஒவ்வொன்றும் தின்பது பத்து இருபது வாட்டுக்குள்தான். சின்ன பேட்டரி கூட மணிக்கணக்கில் தாங்கும். மோட்டார் ஓடும் லைனிலிருந்து எடுக்காமல், விளக்கு லைனிலிருந்து தனி சர்க்யூட் எடுக்கச் சொல்லுங்கள். மேலே இருக்கும் கருவிக்குத் தனியாக மின் ஒயர் இழுக்க வேண்டாம். நெட்வொர்க் ஒயர் வழியாகவே மின்சாரம் அனுப்பும் பிஓஇ (ஒரே ஒயரில் தகவலும் மின்சாரமும் அனுப்பும் முறை) இருக்கிறது. அதன் சின்ன பெட்டியைத் தரையில் வைக்காமல், பூட்டக்கூடிய சுவர்ப் பெட்டிக்குள், யுபிஎஸ்ஸோடு வையுங்கள். அந்தப் பிளக்கில் யாரும் போன் சார்ஜ் போடாதபடி இருக்கட்டும். இதைச் சொல்லக் காரணம், கருவி அணைந்ததாகப் புகார் வந்து போய்ப் பார்த்தால், பிளக்கில் சார்ஜர் தொங்குவது பல ஆலைகளில் நடப்பதுதான்.

இடிக்கு என்ன வழி? கோடை மழையிலும் ஐப்பசி மழையிலும் நம் பக்கம் இடி அதிகம். கம்பத்துக்கு நல்ல எர்த் கொடுங்கள். ஒயர் கட்டிடத்துக்குள் நுழையும் இடத்தில் சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீர் மின்னழுத்தத்தைத் தரைக்குத் திருப்பிவிடும் சிறு கருவி) வைத்து, அதன் எர்த் ஒயரையும் கட்டிடத்தின் எர்த்தோடு சேருங்கள். எர்த் கொடுக்காத சர்ஜ் ப்ரொடெக்டர் வெறும் பிளாஸ்டிக். நேராக இடி விழுந்தால் எதுவும் தப்பாது. ஆனால் பக்கத்தில் விழும் இடிகளிலிருந்து பெரும்பாலும் காப்பாற்றும். கோடையில் எர்த் குழி காய்ந்துவிட்டால் பயன் குறையும். தண்ணீர் ஊற்றச் சொல்லி ஓர் ஆளுக்கு வேலை வையுங்கள்.

எடைமேடைக்கு மட்டும் தனியாக ஒரு வார்த்தை. கிழங்கு லாரி ஏறியதும் எடை, பிறகு கிழங்கின் மாவுச்சத்து எவ்வளவு என்று காட்டும் பாயின்ட், இரண்டையும் வைத்து விவசாயிக்குப் பணம். அந்த எடை ஆபீஸ் கம்ப்யூட்டருக்கும் கிடங்குக்கும் உடனே தெரிவது வசதிதான். ஆனால் வைஃபை போனால் எடைபோடுவதே நிற்கும்படி அமைத்துவிடாதீர்கள். எடைமேடைக் கம்ப்யூட்டரே கணக்கைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, சீட்டு அச்சடித்துக் கொடுத்து, இணைப்பு வந்த பிறகு மற்ற இடங்களுக்கு அனுப்பும்படி மென்பொருள்காரரிடம் கேளுங்கள். இரவெல்லாம் விழித்து லாரியோடு வந்தவரை ஒரு ரூட்டருக்காகக் காத்திருக்க வைப்பது நியாயமில்லை.

ஓட்டுநர்களும் ஆட்களும் வைஃபை கேட்பார்கள். கொடுங்கள், ஆனால் விருந்தினர் என்று தனி வலையாகக் கொடுங்கள். ஆபீஸ் கணக்கு, கேமரா, விருந்தினர் மூன்றும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பிரிப்பதற்கு விலேன் (ஒரே ஒயரில் ஓடும் வலையைத் தனித்தனி அறைகளாகப் பிரிக்கும் முறை) என்று ஒரு வசதி நல்ல கருவிகளில் உண்டு. எந்திரங்களை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளை இந்த வைஃபையோடு சேர்க்கவே வேண்டாம். கேமராவும் பிரிட்ஜும் கடையிலிருந்து வரும்போது இருக்கும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றிவிடுங்கள்; அந்தப் பழைய சொல் கருவியோடு வரும் கையேட்டிலேயே அச்சாகியிருக்கும்.

பொருத்தியவருக்குக் கடைசித் தவணை கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யச் சொல்லுங்கள். எல்லா மோட்டாரும் ஓடும்போது, லாரிகள் நிற்கும்போது, கிடங்கின் கடைசி மூலையில் நின்று ஆபீஸுக்கு வீடியோ கால் பேசுங்கள். மெயினை அணைத்து ஜெனரேட்டருக்கு மாற்றுங்கள். பேச்சு அறுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு கருவியின் கடவுச்சொல், அதன் முகவரி எண், எந்தச் சேனல், பொருத்திய நாளின் சிக்னல் எண், எந்த ஒயர் எங்கே போகிறது என்கிற படம், பில், உத்தரவாதச் சீட்டு எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கி ஆபீஸ் பீரோவில் வையுங்கள். கடவுச்சொல் பொருத்தியவரின் போனில் மட்டும் இருந்து, அவர் ஊர் மாறிப் போய்விட்டால், கருவிகளை அழித்து முதலிலிருந்து அமைக்க வேண்டியிருக்கும். அதற்கு ஒரு முழு நாள் ஆலையின் கேமராக்கள் நிற்கும்.